ஏழு நிமிஷ எண்ணெய்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணி. திருக்கோகர்ணத்தில் என் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே சொன்னார்:

"சார், சாத்தையாண்ணன் குடுத்த ரம்பப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு ஒடனே வரணுமாம். நேரா கண்மாய்க்கே வரச் சொன்னாரு."

எனக்குச் சுருக்கென்றது. பத்து நாளில் தமிழில் எழுதித் தருகிறேன் என்று வாங்கி வைத்த புத்தகம் அது. என் மேஜையில் நாற்பத்து மூன்று நாளாகக் கிடந்தது.

சாத்தையாவை உங்களுக்குத் தெரியாது. 1949-ல் மலாயாவுக்குக் கப்பலேறியவர். பன்னிரண்டு வருஷம் ரப்பர் எஸ்டேட்டில் கிழட்டு மரங்களை வெட்டிச் சாய்க்கும் வேலை. இந்தச் சித்திரையில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். கூட வந்தவர்கள் ரேடியோவும் டார்ச் லைட்டும் சுமந்து வந்தார்கள். இவர் சுமந்து வந்தது ஒரு ரம்பம்!

சாதாரண ரம்பம் இல்லை. பெட்ரோலில் ஓடுவது. இரண்டடி நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டை; அதன் விளிம்பைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி ஒன்று பறக்கும். ஒரு பனைமரத்தை நான் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் சாய்த்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்னவாசல் வட்டாரத்தில் அதற்குப் பெயர் 'மலாயா ரம்பம்'.

அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைத்தான் சாத்தையா என்னிடம் கொடுத்திருந்தார். பத்திரிகையில் நான் எழுதும் பத்தியை ஒரு வாரம் விடாமல் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் எதையும் மறுப்பதில்லை. செய்து முடிப்பது வேறு விஷயம்...

ஆபீசுக்கு லீவு லெட்டர் எழுதிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அன்றைய பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

அன்னவாசலில் இறங்கி இரண்டு மைல் சேற்றில் நடந்து கண்மாய்க் கரை ஏறியபோதுதான் நிலைமை புரிந்தது.

நான்கு நாள் அடைமழை. கண்மாய் தளும்பிக்கொண்டிருந்தது. நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுவதற்கு மேற்குக் கோடியில் கல்லால் கட்டிய கலிங்கு இருக்கிறது. வரிசையாக நட்ட குத்துக்கற்கள், அவற்றின் இடைவெளியில் தண்ணீர் போகும். திங்கட்கிழமை விடிகாலையில் கரையோரத்து மருதமரம் ஒன்று வேரோடு சாய்ந்து, அந்தக் கற்களின் மேல் குறுக்கே விழுந்துவிட்டது. இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமன். மிதந்து வந்த கிளையும் வைக்கோலும் முள்ளும் அதில் போய் அடைந்துகொண்டன. கதவைச் சாத்தித் தாழ் போட்டது மாதிரி ஆகிவிட்டது.

திங்கட்கிழமை முழுக்கக் கோடாலி போட்டிருக்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு எப்படி ஓங்கி வெட்டுவது? இரண்டு காம்பு முறிந்ததுதான் மிச்சம். ஆறு ஜோடி மாடு பூட்டி இழுத்தும் மரம் அசையவில்லை.

கலிங்கு அடைத்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் ஏறும். ஏறிக் கரையை அதுவே ஏதாவது ஓரிடத்தில் உடைக்கும். அது ஊர்ப்பக்கம் உடைத்தால் நூறு கூரை போகும். அதனால் ஊர்த் தலைவரான அம்பலார் ஒரு முடிவு எடுத்திருந்தார். படித்துறையில் தண்ணீர் மூன்றாம் படியைத் தொட்டால், கிழக்குக் கோடியில் கரையை வெட்டி விடுவது.

கிழக்குக் கோடிக்கு நேர் கீழே யாருடைய வயல்? சாத்தையாவுடையது. பன்னிரண்டு வருஷ மலாயா, இரண்டு ஏக்கராக அங்கே கிடந்தது. சம்பா நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. கரையை வெட்டினால் பயிர் போவது மட்டுமா? அடித்து வருகிற மணல் இடுப்பு உயரத்துக்கு மேடு தட்டிவிடும். அப்புறம் அதை வயல் என்று சொல்ல முடியாது.

அம்பலார் ஒளிவு மறைவில்லாத மனிதர். என் முன்னாலேயே சொன்னார்.

"ஒன் வயலுன்னு பாக்கல சாத்தையா. அந்த எடந்தான் தாழ்வு. ஊரு நிக்கணும்ல."

"நிக்கட்டும் அம்பலாரே. மரத்த எடுத்தா ஊரும் நிக்கும், என் வயலும் நிக்கும். மூணாம் படி வரைக்கும் என்னைய விடுங்க" என்றார் சாத்தையா.

அப்போது மூன்றாம் படிக்கு ஒரு சாண் இருந்தது.

சரி, ரம்பம்தான் இருக்கிறதே, வெட்ட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அந்தப் பட்டைக்கும் சங்கிலிக்கும் நடுவே எப்போதும் எண்ணெய் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எஞ்சினுக்குப் பக்கத்தில் அதற்கென்று தனியாக ஒரு டேங்க். கைப்பிடியில் ஒரு பொத்தான். கட்டைவிரலால் அமுக்க அமுக்க டேங்க்கிலிருந்து எண்ணெய் உறிஞ்சப்பட்டுப் பட்டைக்குப் போகும். எண்ணெய் போகாவிட்டால் பட்டை சூடேறி நீலம் பாரித்து வளைந்துவிடும். மாற்றுப் பட்டை வேண்டுமென்றால் பினாங்குக்கு எழுத வேண்டும்.

பெட்ரோல் வாங்கப் போன ஆள் திங்கட்கிழமை ராத்திரிதான் திரும்பினாராம். அன்று விடிகாலை ஐந்தரைக்கு சாத்தையா ரம்பத்தை எடுத்திருக்கிறார். சரஸ்வதி பூஜைக்குப் பிறகு, மழையினால் அதுவரை எடுக்கவே இல்லை. நான்கு விரற்கடை ஆழம் அறுப்பதற்குள் பட்டையில் புகை. அமுக்கினால் பொத்தான் வெறுமனே போய் வந்தது. டேங்க்கைத் திறந்து பார்த்தால் எண்ணெய் நிறைய இருக்கிறது!

மலாயாவில் இதற்கெல்லாம் மெக்கானிக் இருந்தாராம். சாத்தையாவுக்கு ஓட்டத்தான் தெரியும்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். 'சங்கிலிக்கு எண்ணெய் வராவிட்டால்' என்று ஒரு பக்கம். கீழே ஐந்து காரணங்கள். சுற்றிலும் முப்பது பேர். சத்தமாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். முதல் காரணம் – எண்ணெய் அதிகக் கெட்டியாக இருக்கலாம்.

"அதான்!" என்றார் ஒருவர். அவ்வளவுதான், கூட்டம் ரம்பத்தை நோக்கி நகர்ந்துவிட்டது. சாத்தையா ஊற்றியிருந்தது லாரி ஷெட்டில் வாங்கிய பழைய எஞ்சின் ஆயில். மூடியைத் திறந்து மண்ணெண்ணெய் கலந்து இளக்கினார்கள்.

எண்ணெய் வருகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ரம்பத்தை ஓடவிட்டு, பட்டையின் நுனியை ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். சங்கிலி சிதறும் எண்ணெய் அதில் கோடு போடும். வெள்ளைக் காகிதத்துக்கு எங்கே போவது? எல்லாரும் என் அக்குளைப் பார்த்தார்கள். நான் இன்னும் படிக்காத பேப்பர்... கொடுத்தேன். தலையங்கத்தின் மேல் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. ஒரே ஆரவாரம்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எது நடந்தாலும் மணி பார்த்து நோட்டில் குறித்து வைப்பேன். வீட்டில் இதற்காக வாங்கும் பேச்சு கொஞ்சமில்லை. எழுதினேன்: 'மண்ணெண்ணெய். 9.55 ஓடியது.'

சாத்தையா தண்ணீரில் இறங்கி, மரத்தில் பட்டையை வைத்து அழுத்தினார். தூள் பறந்தது. அடுத்த வரியும் நான்தான் எழுதினேன்: '10.02 வறண்டது. புகை.'

புத்தகத்தில் இரண்டாவது காரணம் – டேங்க்குக்குள் இருக்கும் வடிகட்டி அடைத்திருக்கலாம். அன்னவாசலில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முத்து அங்கே இருந்தார். மூடி வழியாகக் கம்பியை விட்டு வடிகட்டியைப் பிடித்து இழுத்து, பெட்ரோலில் அலசி மாட்டினார். 11.10-க்கு ஓடியது. பேப்பரில் இரண்டாவது கோடு.

"நான் அப்பவே நெனச்சேன். பம்ப்ல அழுக்கு இருந்தா காத்து ஏறுமா? அதே கதைதான்" என்றார் முத்து.

11.17-க்கு வறண்டது. முத்து கம்பியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது காரணமும் நான்காவதும் ஒன்றை ஒன்று ஒட்டியவை. பட்டையின் விளிம்புப் பள்ளத்தில் மரத்தூள் அடைத்திருக்கலாம். எண்ணெய் பட்டைக்குள் நுழைகிற துளை அடைத்திருக்கலாம். பட்டையைக் கழற்றினார்கள். குடைக்கம்பியை ஒடித்துப் பள்ளம் முழுக்கச் சுரண்டினார்கள். துளையில் ஊதினார்கள். மாட்டி, டேங்க்கில் எண்ணெயும் நிரப்பினார்கள். 12.25-க்கு ஓடியது. 12.32-க்கு வறண்டது.

தண்ணீர் மூன்றாம் படிக்கு நான்கு விரற்கடை.

ஐந்தாவதைப் படிக்க நான் வாயெடுத்தபோது என் பக்கத்தில் யாருமே இல்லை. எல்லாரும் வண்டிக்காரர் கருப்பையாவைச் சுற்றி நின்றார்கள். முப்பது வருஷமாக மாட்டு வண்டி அச்சுக்கு எண்ணெய் போடுகிறவர் அவர். இதெல்லாம் சீமை எண்ணெயால் வருகிற வினை, விளக்கெண்ணெய்தான் வழுக்கிக்கொண்டு நிற்கும் என்பது அவர் கட்சி. அன்னவாசலுக்கு ஆள் ஓடி இரண்டு படி விளக்கெண்ணெய் வந்தது. பழையதைக் கொட்டிவிட்டு ஊற்றினார்கள். 1.40-க்கு ஓடியது. கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். 1.48-க்கு வறண்டது.

"ஒரு நிமிசம் கூட நின்னுச்சுல்ல?" என்றார் கருப்பையா.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு வரவில்லை. நான்கு தடவையும் விட்டு விட்டு அறுத்ததில் மரத்தில் பாதி ஆழம்கூடப் போகவில்லை. பட்டையின் நுனி லேசாக நீலம் காட்ட ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு தடவை வறண்டு ஓடினால் ரம்பம் இல்லை, ரம்பம் இல்லாவிட்டால் வயல் இல்லை. சாத்தையாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துணியால் பட்டையைத் துடைத்தார். "கொஞ்சம் ஆறட்டும். மறுபடி பாப்போம்" என்றார்.

ஆறவிட்டோம். யாரும் ரம்பத்தைத் தொடவில்லை. இரண்டரை மணிக்குச் சாத்தையா எஞ்சின் கயிற்றைச் சுண்டி இழுத்து ஓடவிட்டார். பேப்பரைப் பிடித்தோம்.

கோடு விழவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

அந்த நேரத்தில்தான் சாத்தையாவின் மனைவி அடைக்கி சோற்றுப் பானையோடு வந்தார். புருஷன் மலாயாவில் இருந்த பன்னிரண்டு வருஷமும் தனியாகக் குடும்பத்தைத் தாங்கியவர். பானையை இறக்கி வைத்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் என் நோட்டைப் பார்த்துவிட்டார்.

"சார், ஒங்க நோட்டுல என்ன இருக்குன்னு படிங்க. இவுக சொல்றது ஒன்னும் வெளங்கல."

படித்தேன். மண்ணெண்ணெய், ஏழு நிமிஷம். வடிகட்டி, ஏழு நிமிஷம். பட்டை, ஏழு நிமிஷம். விளக்கெண்ணெய், எட்டு. ஆறவிட்டது... ஒன்றுமில்லை.

"ஆறப்போட்டப்ப மூடியத் தொறந்தீகளா?"

நான் நோட்டைப் பார்த்தேன். இல்லை. முன்னால் நான்கு தடவையும், எதற்காகவோ, மூடியைத் திறந்திருக்கிறோம்.

"அப்ப மருந்து ஒன்னும் வேலை செய்யல. மூடியத் தொறந்ததுதான் வேலை செஞ்சிருக்கு" என்றார் அடைக்கி. "எண்ணெ டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டா ஒழுங்கா ஊத்துமா? எதிர்மூலையில இன்னொரு ஓட்டை போட்டாத்தான காத்துப் போயி எண்ணெ வரும்?"

நான் அவசரமாகப் புத்தகத்தைப் பிரித்தேன். ஐந்தாவது காரணம் – டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். காலை ஒன்பதரையிலிருந்து என் கையில்தான் இருந்தது அந்த வரி!

சாத்தையா மூடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளையையே காணோம். எண்ணெய்க் கறுப்பில் மொத்த மூடியும் ஒரே மொழுக்கென்று இருந்தது. நகத்தால் சுரண்டினார். மேல் கறுப்பு உரிந்தது. அடியில் மஞ்சளாக ஏதோ கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

அடைக்கி எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார்.

"பூசைக்கு நான் வச்ச சந்தனம்" என்றார்.

முப்பது பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஏரு, சைக்கிளு, மம்பட்டி, அருவா, எல்லாத்துக்கும் வச்சேன். இதுக்கு நாலு எடத்துல வச்சேன். மூடி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு அதுக்கும் ஒன்னு வச்சேன்."

சாத்தையா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மூடியை அடைக்கியிடமே நீட்டினார். "வச்சவளே எடு."

அடைக்கி தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, விரித்து, மூடியைக் குடைந்தார். ஒரு சிட்டிகைச் சந்தனத்தூள் உதிர்ந்தது. மூடியை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஊசி நுனி அளவு வெளிச்சம்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அன்று நான்கு பேர் நான்கு வைத்தியம் செய்தார்கள். நான்கும் ஏழெட்டு நிமிஷம் பலித்தன. ஒவ்வொருவரும் தன்னால்தான் ஓடுகிறது என்று நிஜமாகவே நம்பினார்கள் – பொய் சொல்லவில்லை. நம் ஆபீசுகளில், வீடுகளில், உடம்பில்கூட இப்படி எத்தனை நடக்கிறது? புதிதாக வந்த அதிகாரி நாற்காலியை இடம் மாற்றிப் போடுகிறார். ஒரு வாரம் பைல் ஓடுகிறது. உறவினர் வந்து பஞ்சாயத்துப் பேசுகிறார்; ஒரு மாதம் புருஷன் பெண்சாதி சண்டையில்லை. எல்லாரும் தங்கள் மருந்தைத்தான் பார்க்கிறோம். மருந்து போடுவதற்காகத் திறந்த மூடியை யார் பார்க்கிறோம்?

கண்மாய்க்குத் திரும்புவோம். மணி மூன்று ஐந்து. படித்துறையில் நின்றிருந்த ஆள் கையைத் தூக்கினார். தண்ணீர் மூன்றாம் படியைத் தொட்டுவிட்டது.

அம்பலார் சாத்தையாவைப் பார்த்தார். சொன்ன சொல் ஊர் முன்னால் சொன்னது. "வெட்டச் சொல்றேன் சாத்தையா. மேலருந்து வெட்டித் தண்ணி மட்டத்துக்கு எறங்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள நீ மரத்த எடுத்தா நிறுத்திர்றேன்."

"எடுக்குறேன்" என்றார் சாத்தையா.

கிழக்கே பத்து மண்வெட்டி. மேற்கே ஒரு ரம்பம். நடுவே கரையில் நான், கையில் கடிகாரமும் நோட்டுமாக.

3.12-க்கு ரம்பம் ஓடியது. பேப்பர் பிடிக்க யாருக்கும் பொறுமையில்லை. 3.19 ஆனது. எல்லாரும் பட்டையையே பார்த்தோம். புகை வரவில்லை. 3.20... 3.25... சாத்தையாவின் கட்டைவிரல் பொத்தானில் போய் வந்துகொண்டே இருந்தது. வெண்தூள் தண்ணீரில் மிதந்து போயிற்று. 3.41-க்கு முதல் வெட்டு கீழே வந்து முடிந்தது. மரம் ஒரு அங்குலம் இறங்கி நின்றது. மரத்தின் மறுகோடிக்குப் போய் இன்னொரு வெட்டு போட்டால்தான் நடுத்துண்டு கழன்று விழும். அங்கே மரம் பாதிப் பருமன்தான்; ஆனால் தண்ணீர் அவர் மார்பு வரை இருந்தது. கருப்பையாவும் முத்துவும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

கிழக்கே திரும்பிப் பார்த்தேன். வெட்டுகிறவர்கள் முதலில் முழங்கால் வரைதான் பள்ளத்தில் மறைந்திருந்தார்கள். அப்புறம் இடுப்பு வரை. அடைக்கி அங்கேதான் போய் நின்றிருந்தார். வெட்டிக் குவிக்கிற மண்ணைத் தண்ணீர்ப்பக்கம் சரியவிடாமல் கூடையில் அள்ளி மேட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். மறுபடி அது வேண்டியிருக்கும் என்று அவருக்கு ஒரு தீர்மானம்.

4.09.

மரம் முறிகிற சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. நடுத்துண்டு ஒரு புரள் புரண்டது, எழும்பியது, இரண்டு குத்துக்கற்களைச் சாய்த்துக்கொண்டு கலிங்கைத் தாண்டிப் போய் விழுந்தது. அதன் பின்னால் நான்கு நாள் தண்ணீர்! சாத்தையாவைக் கருப்பையாவும் முத்துவும் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். ரம்பம் அவர் மார்பின் மேல் இருந்தது. விடவில்லை.

அம்பலார் தலைத்துண்டை அவிழ்த்து வீசிக் காட்டினார். கிழக்கே மண்வெட்டிகள் நின்றன. வெட்டின பள்ளத்தின் அடியில் ஈரம் கசிய ஆரம்பித்திருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. வெட்டினவர்களே மூட வேண்டும். அம்பலாரே முதல் கூடையைத் தூக்கினார். ரம்பக்காரரை உட்காரச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

"நீங்க கொட்டுங்க, நான் மிதிக்கிறேன். என் வயலுக்கு மேல நிக்கிற கரை. நான் மிதிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று பள்ளத்தில் இறங்கிவிட்டார்.

ஒரு கூடை மண், பத்து மிதி. ஒரு கூடை மண், பத்து மிதி. பக்கத்திலேயே அடைக்கியும் மிதித்தார். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டுமென்று, ஊரார் கூலியில்லாமல் கூடிச் செய்யும் குடிமராமத்தாக ஊரே இறங்கியது. நோட்டைப் பையில் போட்டுவிட்டு நானும் இறங்கினேன். பழக்கமில்லாத கால். ஏழெட்டு மிதியில் ஒரு காலைச் சேறு பிடித்துக்கொண்டது. கால் வந்தது, காலில் இருந்தது வரவில்லை. மேலே அடுத்த கூடை விழுந்துவிட்டது.

என் இடது கால் செருப்பு இப்போதும் அந்தக் கரைக்குள்தான் இருக்கிறது – குடிமராமத்தில் என் பங்கு அவ்வளவுதான்.